வாசித்தால் போதுமா, புரிய வேண்டாமா?

குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதன் பொருள் தெரிவதில்லை. ஆங்கிலப் பாடத்தை மடமடவென்று வாசிக்கும் பிள்ளைகளின் நிலையும் அதுதான்.

பட்டாசு ஆலை வாசலில் ‘டு நாட் எண்டர் அன்லெஸ் பெர்மிட்டட்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘எண்டர்’ மட்டும் தெரிந்தவர் உள்ளே போய்விடுவார். ‘நாட்’ தடுக்கிறது, ‘அன்லெஸ்’ அனுமதி பெற்றவருக்கு மட்டும் வழிவிடுகிறது. சிறு சொல்லைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகள் முதலில் கேள்விகளைப் படிக்கட்டும். பிறகு பத்தியை இருமுறை வாசிக்கட்டும். இதுபோன்ற சிறு சொற்களுக்குக் கோடிடட்டும். தெரியாத சொல் வந்தால், அகராதியைப் புரட்டுமுன் முன்பின் வரிகளைப் பார்க்கட்டும்.

கடைசியில் புத்தகத்தை மூடி, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார், எங்கே, ஏன் என்று கேளுங்கள். தடுமாறினால் மறுபடி வாசிக்க வேண்டும். ஆங்கிலம் அறியாத தாய்மாரும் இப்படிச் சோதிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.