கோச் ஆக வரும் பிள்ளைகளுக்கு

ஆடியது போதும், இனி கோச்சிங்குக்குப் போகலாம் என்று யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் அமெலி மொரெஸ்மோவைப் பற்றித்தான் பேசுவேன். பிரான்ஸ்காரர். டென்னிஸில் உலகின் முதலிடத்தில் இருந்தவர். ஆட்டத்தை விட்ட பிறகு கோச்சாகவும் பெயர் எடுத்தவர். பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கு இந்த இரண்டாவது பெயர் கிடைப்பதில்லை.

1. பட்ட பாட்டை மறந்துவிடாதீர்கள். 1999-ல், 19 வயதில், ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார் மொரெஸ்மோ. அடுத்த கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கு 7 ஆண்டு காத்திருந்தார். நடுவில், 2004 செப்டம்பரில் நம்பர் ஒன் ஆனபோது கையில் ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட இல்லை. முக்கியமான கட்டத்தில் பதறிவிடுவார் என்று ஊரே பேசியது. சொந்த ஊர்க் கூட்டம் நிறைந்த பாரிஸின் பிரெஞ்சு ஓபனில் அவர் கால் இறுதியைத் தாண்டியதே இல்லை. 2006-ல் மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓபனில், கோப்பை கிடைத்தது. ஆனால் எதிரே ஆடிய ஜஸ்டின் ஹெனின் வயிற்று உபாதையால் பாதியில் விலகிவிட்டதால் அதை முழு வெற்றியாக ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டு விம்பிள்டன் இறுதியிலும் அதே ஹெனின். முதல் செட் 2-6 என்று போய்விட்டது. அதன் பிறகும் சர்வ் போட்டு வலைக்கு ஏறி வருவதை அவர் விடவில்லை. 6-3, 6-4. இப்படிப் பதற்றத்தோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவருக்குத்தான் இன்னொருவரின் பதற்றம் சட்டென்று தெரியும்.

2. அந்தப் பதற்றத்தை மாணவரின் உடம்பில் பார்க்கப் பழகுங்கள். முதலில் பிடி இறுகும். பந்தைத் தூக்கிப்போடும் கை பாதியிலேயே இறங்கிவிடும், டாஸ் தாழும், முழங்கை நிமிராமலே அடி விழும். இரண்டாவது சர்வ் வலையின் அடியில் போய் மோதும். அந்த நேரத்தில் "தைரியமாக ஆடு" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. பயிற்சியின்போதே, மூச்சை விடு, விரலைத் தளர்த்து, பந்தை இன்னும் உயரத் தூக்கு என்று மூன்றே மூன்று வேலை கொடுத்துப் பழக்குங்கள்.

3. உங்கள் ஆட்டத்தை மாணவர் மேல் ஏற்றாதீர்கள். மொரெஸ்மோவின் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பார்க்க அவ்வளவு அழகு. 2013 விம்பிள்டனில் அவர் துணை நின்ற மரியோன் பார்தோலியோ இரண்டு பக்கமும் இரண்டு கையால் அடிப்பவர். டாக்டரான அப்பாவிடம் ஆட்டம் கற்றவர். அந்த இரட்டைக் கை ஆட்டத்தோடுதான், ஒரு செட்கூட இழக்காமல், பார்தோலி கோப்பையைத் தூக்கினார்.

4. உங்களை எடைபோடுகிறவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 2014 ஜூனில் பிரிட்டன் வீரர் ஆண்டி மர்ரே மொரெஸ்மோவைக் கோச்சாக அழைத்தபோது எழுந்த பேச்சை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ஆண்களின் ஆட்டத்தைப் பற்றி ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும் என்றார்கள். மர்ரேயின் முதல் கோச் அவருடைய அம்மா ஜூடி என்பது யாருக்கும் நினைவில்லை. அந்த நவம்பரில் லண்டனில் ஃபெடரரிடம் 6-0, 6-1 என்று மர்ரே தோற்றதும் பழி கோச்சின் தலையில் விழுந்தது. 2015 ஜனவரியில் மெல்போர்னில் அரையிறுதியை வென்ற கையோடு, கோர்ட்டில் நின்றபடியே மொரெஸ்மோவுக்காகப் பேசியவர் மர்ரேதான். கோச்சுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

மொரெஸ்மோ கோச்சாக இருந்த காலத்து மர்ரேயின் களிமண் தரைக் கதையையும் கேளுங்கள். அங்கே பந்து வேகம் குறைந்து, உயர எழும்பி வரும். ஒரே அடியில் பாயிண்ட் முடியாது. சறுக்கிக்கொண்டே போய் அடித்துவிட்டு, அடுத்த பந்துக்கு உடனே நடுவுக்குத் திரும்ப வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு கிராண்ட்ஸ்லாம் வென்றிருந்த மர்ரே, அதுவரை களிமண்ணில் ஒரு ஏடிபி பட்டம்கூட வென்றிருக்கவில்லை. 2015 மே மாதம் மியூனிக்கில் முதல் பட்டம். அடுத்த வாரமே மாட்ரிட் இறுதியில் நடாலை 6-3, 6-2 என்று வீழ்த்தினார். அந்த நவம்பரில் பிரிட்டன் டேவிஸ் கோப்பையை வென்றதும் களிமண்ணில்தான், பெல்ஜியத்தின் கென்ட் நகரில்.

5. பிரிய வேண்டிய நேரத்தில் பிரியுங்கள். மொரெஸ்மோ கோச்சாக இருந்த காலத்தில் மர்ரே கிராண்ட்ஸ்லாம் வெல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டு இறுதிகளில் ஜோகோவிச்சிடம் தோற்றார். 2016 மே மாதம் இருவரும் பேசிப் பிரிந்தார்கள். ஜூலையில், பழைய கோச் லெண்டில் பக்கத்தில் இருக்க, மர்ரே விம்பிள்டன் வென்றார். உங்களுக்கும் இப்படி நடக்கும். நீங்கள் போட்ட உழைப்பு அந்தப் பிள்ளையின் காலிலும் கையிலும் இருக்கும். அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

6. பட்டம், பதவியைவிட ஆளைத் தேர்ந்தெடுங்கள். பிரான்ஸின் டேவிஸ் கோப்பை அணிக்குக் கேப்டனாக அறிவிக்கப்பட்ட பிறகு, 2018 இறுதியில் அந்தப் பதவியை வேண்டாம் என்றுவிட்டு பிரெஞ்சு வீரர் லூகா பூய்க்குக் கோச்சாகப் போனார் மொரெஸ்மோ. அதுவரை ஆஸ்திரேலிய ஓபன் பிரதானச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதவர் பூய். 2019 ஜனவரியில் அங்கே அரையிறுதி ஆடினார்.