பின்வாசல் கால்வாய்

டத்தோ கெராமட், பினாங்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. போன வாரம் உன் புது வீட்டில் பால் காய்ச்சியபோதே சொல்ல நினைத்தேன். வந்தவர்கள் எதிரில் சொல்ல மனம் வரவில்லை. போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அன்று வடை சுட்டு முடிந்ததும் சட்டியில் மிஞ்சிய எண்ணெயைப் பின்வாசல் கால்வாயில் ஊற்றிவிட்டார்கள். யார் ஊற்றியது என்று கேட்க மாட்டேன். நான் கை கழுவப் போனபோது அந்த எண்ணெய் மெல்ல விரிந்து, சோற்றுப் பருக்கையையும் சவர்க்கார நுரையையும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் ஓரத்தில் பழைய கொழுப்பு மெழுகு போல வெள்ளையாகப் படிந்திருந்தது. அது முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது. இரண்டடி தள்ளி ஒரு சின்ன உடும்பு தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. என்னைக் கண்டதும் அந்த எண்ணெய்க்குள்ளேயே முங்கி ஓடியது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கழிப்பறைத் தண்ணீர் மலத்தொட்டிக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ போகிறது. உன் வீடு மாதிரிப் பழைய வரிசை வீடுகளில் சமையலறைத் தண்ணீருக்கு அந்தப் பாதை கிடையாது. பாத்திரம் கழுவியது, தரை துடைத்தது, கார் கழுவியது எல்லாம் நேரே கால்வாய். உன் கால்வாய் ஆயர் ஈத்தாம் ஆற்றில் இறங்குகிறது. அந்த ஆறும் தண்ணீர்மலையிலிருந்து வரும் ஓடையும் சேர்ந்ததுதான் சுங்கை பினாங்கு. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து ஏறுகிறோமே, அதே தண்ணீர்மலைதான்.

உன் தாத்தா வண்ணாந்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்த ஆற்றுக்குத்தான் நீ எண்ணெய் அனுப்புகிறாய். "துணி வெளுக்கணும்னா முதல்ல தண்ணி வெளுப்பா இருக்கணும்" என்பார் அவர். அவர்கள் போட்ட சவர்க்காரமும் அந்த ஆற்றில்தான் போனது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் நான் சிறுமியாக இருந்தபோது அங்கே துணியை விரித்து மீன்குஞ்சு பிடித்திருக்கிறேன். பிறகு ஊர் பெருத்தது. பட்டறை, அங்காடிக் கடை, அடுக்குமாடி, நம் வீடு, எல்லாம் சேர்ந்து அதைக் கறுப்பாக்கின. நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட ஆறுகளில் ஒன்று என்று அதற்குப் பெயர் வந்தது. எத்தனையோ ஆண்டுகளாகப் பணம் செலவழித்துத் தூர் வாரி இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. தேறி வரும் நோயாளிக்கு மறுபடி விஷம் கொடுக்கலாமா?

எண்ணெய் என்ன செய்யும் என்று கேட்பாய். தண்ணீர் மேல் தோல் போல மூடிக்கொள்ளும், காற்று உள்ளே இறங்காது. அது மக்கும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். ஆறு கடலில் சேரும் பக்கம், பினாங்குப் பாலத்துக்கு இந்தப்புறம், மிடில் பேங்க் என்ற கடற்புல் திட்டு இருக்கிறது. தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும். சிப்பியும் கடல்வெள்ளரியும் மீன்குஞ்சும் வளரும் இடம் அது. நம் தீவின் கடலோரங்களில் நீர்நாய்கள் குடும்பமாக மீன் பிடிப்பதை நீயே வீடியோவில் எனக்குக் காட்டினாய். அவற்றின் சோறு அங்கேதான் வளர்கிறது.

எண்ணெய் ஆறியதும் போத்தலில் ஊற்றி மூடி வை. கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கறிச்சட்டியைக் கழுவும் முன் பழைய நாளிதழால் ஒரு துடை துடைத்துக் குப்பையில் போடு. இந்த ஒன்றே பாதி வேலை. சிங்க்கில் சல்லடை போடு. காய்த்தோலும் முட்டை ஓடும் தோம்பில் போட்டுக் காய்ந்த இலையோடு மக்க விட்டால் உன் கறிவேப்பிலைச் செடிக்கு உரம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தார் எத்தனையோ வருடமாக வீடு வீடாகச் சொல்லிவரும் விஷயம் இது. சவர்க்காரத்தூள் ஒரு கரண்டி போதும். நுரை கூடினால் அழுக்கு கூடப் போகும் என்பது விளம்பரம் கற்றுக்கொடுத்த நம்பிக்கை. மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதே, அரசாங்க கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

இனி குழாய்த் தண்ணீர். அது நம் மலையிலிருந்து வருகிறது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. மாநிலத்துக்கு வேண்டிய தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றுத் தண்ணீர். உலு மூடா காட்டில், யானையும் இருவாச்சியும் வாழும் இடத்தில் பெய்த மழை அது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகி, கடலுக்கடியில் குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. இவ்வளவு தூரம் வந்த தண்ணீரை நாம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 280 லிட்டரை ஒட்டிச் செலவழிக்கிறோம். நாட்டிலேயே அதிகமாகப் புழங்குபவர்களில் நாமும் உண்டு. கட்டணம் மலிவு, அதனால் கை தாராளம். பணத்தைத் தண்ணியாகச் செலவழிக்கிறான் என்று நம் ஆட்கள் திட்டுவார்கள். தண்ணீரைத் தண்ணியாகச் செலவழிப்பவனை யாரும் திட்டுவதில்லை.

2024 ஜனவரி 10 ஞாபகம் இருக்கிறதா? சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளை மாற்ற நாலு நாள் தண்ணீர் நின்றது. சுமார் 5,90,000 வீடு, கடைகளுக்குப் பாதிப்பு. என் வீட்டில் அப்போது நாலு பேர். வாளியும் செம்புமாகக் குளித்தோம். அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. யாரும் அழுக்காக இருக்கவில்லை. அதில் பாதிப் பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. நீ காரை ரப்பர்க் குழாய் போட்டுக் கழுவுகிறாய். இரண்டு வாளியும் ஒரு துணியும் போதும், ஐயா.

உயிர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எலி வருகிறது என்று நஞ்சுக் கட்டி வாங்கி வைத்திருந்தாய், அடுப்படியில் பார்த்தேன். அதைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும். அதைப் பிடிக்கும் ஆந்தைக்கும் பாம்புக்கும் உடும்புக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். கூண்டு வை, குப்பைத் தொட்டியை இறுக மூடு. குரங்குக்கு வாழைப்பழம் நீட்டாதே. பழகிய குரங்கு நாளை அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும், பிறகு அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தெலுக் பகாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாயைக் கொண்டு சாலைக்கு மேல் கட்டிய பாலத்தைப் போய்ப் பார். லங்கூர் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்கக் கட்டியது. குரங்குக்குச் செய்ய வேண்டியது அப்படிப்பட்ட உதவி.

உன் மீன்தொட்டியில் டேங்க் கிளீனர் மீன் ஒன்று வளர்ந்துகொண்டே போகிறதே, அது பெரிதானால் புண்ணியம் என்று ஆற்றில் விட்டுவிடாதே. நம் ஆற்று மீனின் முட்டையைத் தின்று, கரையைக் குடைந்து, ஆற்றையே பிடித்துக்கொள்ளும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். மூடியுள்ள பழைய தோம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். அந்த ஓரத்துக் கொழுப்பையும் இரண்டு பேருமாகச் சுரண்டி எடுத்துவிடலாம். சட்டியில் எண்ணெய் இருந்தால் அப்படியே வைத்திரு, நான் வந்து போத்தலில் ஊற்றிக் காட்டுகிறேன்.

அன்புடன்
அத்தை