சலங்கை கட்டும் காலுக்குச் சாப்பாடு வேண்டும்!

"இன்னும் மூணு வாரத்துல போட்டி டாக்டர். அதுக்குள்ள இவ கால்வலி சரியாகணும். நல்ல தைலமா ஒண்ணு கொடுங்க."

மாடம்பாக்கத்தில் என் வைத்தியசாலைக்கு மகளை அழைத்து வந்த ஒரு தாய் இப்படித்தான் ஆரம்பித்தார். பெண்ணுக்குப் பதினாலு வயது. ஏழு வயதிலிருந்து பரதம் கற்கிறாள். போட்டிகளில் பரிசு வாங்கி, நாட்டியத்தையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை.

நானும் தைலம் கொடுத்து அனுப்பினேன். அது என் தவறு. வலி மட்டுப்பட்டதும் அவள் முன்னைவிட வேகமாக ஆடினாள். பத்தாம் நாள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"எங்கேம்மா வலிக்குது? ஒரே விரலால காட்டு" என்றேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதாம். சாப்பாடு? காலையில் ஒரு டம்ளர் பால், ராத்திரி இரண்டு இட்லி. மேடையில் குண்டாகத் தெரியக் கூடாதாம்! மாதவிலக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. தாய்க்கே அது அப்போதுதான் தெரிந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில் எலும்பில் மயிரிழை போல விரிசல். அந்த வருஷப் போட்டி போயிற்று.

ஏன் விரிகிறது?

அரைமண்டியில் அமர்ந்து, வெறுங்காலால், மூன்று காலத்திலும் அடவு தட்டும்போது ஒவ்வொரு தட்டும் எலும்பில் இறங்குகிறது. அதில் ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடம்பு ஓய்விலும் தூக்கத்திலும் சரிசெய்து, எலும்பை முன்னைவிட உறுதியாக்கிவிடும். போட்டி நெருங்குகிறதென்று ஒரு மணி நேரப் பயிற்சியைத் திடீரென மூன்று மணியாக்கினால் சரிசெய்ய அவகாசம் ஏது? மரத்தளம் கொஞ்சம் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கான்கிரீட் மேல் பதித்த டைல்ஸ் தாங்காது.

கலை பயிலும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் தரும் உதவித்தொகைக்கு வயது வரம்பு 10 முதல் 14. எலும்பு வேகமாக வளரும் வயதும் அதுதான்.

ஏழு தாதுக்கள்

சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று ஏழு உடற்தாதுக்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. உண்ட உணவிலிருந்து முதலில் சாரம், ஒன்றிலிருந்து அடுத்தது. சாரமே குறைந்தால் எலும்பும் சுரோணிதமும் எப்படி நிறையும்? உழைப்புக்கேற்ற உணவு இல்லாவிட்டால் மாதவிலக்கு நின்று, எலும்பு பலமிழக்கும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் 2014-ல் எச்சரித்தது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்தக் குறைபாடு வரும் என்றும் சொன்னது.

உடனே கவனிக்க வேண்டியவை

• எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் வலிப்பது
• ஓய்விலும் இரவிலும் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் வலி
• மூன்று மாதம் மாதவிலக்கு வராதது, 15 வயதாகியும் பூப்பெய்தாதது
• எடை குறைவது, சாப்பிட மறுப்பது

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கும் எலும்பின் மேல் அழுத்தி உருவக் கூடாது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஆடவும் கூடாது.

என்ன கொடுக்கலாம்?

பெண் பெரியவளானதும் நம் வீடுகளில் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்களே, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு! ஆடும் பெண்ணுக்கு வாரம் இரண்டு நாள் கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கூழாகவோ அடையாகவோ தரலாம். பால், மோர், முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, எள்ளுருண்டை எல்லாம் நல்லது. இளம் பிரண்டையை நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் நாக்கு அரிக்காது. இவையெல்லாம் உணவுதான், விரிசலுக்கு ஓய்வே முதல் மருந்து.

வகுப்புக்கு வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் 1973 முதல் 15-18 வயது பாலே கலைஞர்களுக்குப் பெரிய போட்டி நடக்கிறது. அங்கேயே போட்டியாளர்களின் உடல்நலத்தையும் மருத்துவர்களைக் கொண்டு கவனிக்கிறார்கள். நம் வீட்டில் அந்த வேலை தாயுடையது.

அந்தப் பெண் எட்டு வாரம் ஆடவில்லை. ஆனால் சும்மாவும் இல்லை. உட்கார்ந்தபடியே அபிநயமும் சொல்லுக்கட்டும் பழகினாள். மாதவிலக்கு சீரான பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டடவிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

போட்டித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறீர்கள் அல்லவா? அதே காலண்டரில் உங்கள் பெண்ணின் மாதவிலக்குத் தேதியையும் குறித்து வையுங்கள்.