கயென் வி8: பிளாஸ்டிக் குழாய் உடைவதற்கு முன்னால்

பழைய போர்ஷே கயென் வைத்திருப்பவர்கள், காலையில் வண்டியை எடுத்ததும் அது இரவு முழுக்க நின்ற இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். முன்னால், ரேடியேட்டருக்கு நேர் கீழே ஈரம் இருந்தால் ஒரு ஹோஸோ கிளாம்ப்போ காரணமாக இருக்கலாம். முன் சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால், வண்டியின் நடுக்கோட்டில், இளஞ்சிவப்பாக, கையில் தொட்டால் வழுவழுப்பாக, இனிப்பு வாசனையோடு சொட்டியிருந்தால் அன்றைக்கு அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து கூலண்ட் வருகிறது.

அங்கே எப்படி வருகிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாம் எளிதில் புரியும். வி8 இன்ஜினில் சிலிண்டர்கள் நான்கு நான்காக இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் ஒரு பள்ளம். அதன்மேல் இன்டேக் மேனிஃபோல்ட் மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கத்துத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கும் இன்ஜினின் பின்பக்கத்துக்கும் இடையே கூலண்ட் போய்வரும் குழாய்கள் இந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடுகின்றன. காற்றோட்டம் இல்லாத, இரண்டு பக்கமும் சூடு ஏறும் அந்த இடத்தில் போர்ஷே பிளாஸ்டிக் குழாய்களைப் போட்டது. பல்லாயிரம் முறை சூடாகி ஆறி, பிளாஸ்டிக் உலர்ந்து நொறுங்கும் பதத்துக்கு வந்து, ஒருநாள் விரிசல் விடுகிறது. கசிந்த கூலண்ட் பள்ளத்தில் தேங்கிப் பின்பக்கமாக வழிகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது என்பதால் முதலில் நனைவது அதுதான்.

உங்கள் வண்டி இதில் சேருமா என்று முதலில் பாருங்கள். 2003 முதல் 2006 வரையிலான மாடல்களில் 4.5 லிட்டர் வி8 இன்ஜின் உள்ளவை, அதாவது கயென் எஸ், டர்போ வகைகள், இந்தக் குறை உள்ளவை. வி6 கயெனில் இந்த அமைப்பு கிடையாது. அமெரிக்காவில் இதே குழாய்களுக்காக உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகள் 2011-ல் ஒஹாயோவின் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 2014-ல் சமரசத் தீர்வுக்கு நீதிமன்றம் இறுதி ஒப்புதல் தந்தது. அந்த இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இனி செலவு உரிமையாளருடையதுதான்.

அடுத்தது, குழாய் ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்பது. செகண்ட்-ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். "எல்லாம் மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பில் கேளுங்கள், அதில் அலுமினியக் குழாய் செட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லையென்றால், இன்ஜின் ஆறிய பிறகு மேலே உள்ள அலங்கார மூடியை எடுத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள இடுக்கில் டார்ச் அடியுங்கள். கண்ணுக்கு எட்டாவிட்டால், மொபைலில் செருகிப் பார்க்கும் சிறு கேமரா ஒயர் கிடைக்கிறது, அதை உள்ளே விடுங்கள். கறுப்பாகத் தெரிந்தால் பழைய பிளாஸ்டிக். வெள்ளை உலோகமாக மின்னினால் அலுமினியம். பள்ளத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்ததுபோல் படிந்திருந்தால் கசிவு தொடங்கி நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

சந்தேகம் தீரவில்லையா? ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் டேங்கில் கைபம்ப்பைப் பொருத்தி, மூடியில் பொறித்திருக்கும் அளவுக்கு மேல் போகாமல் காற்றழுத்தம் ஏற்றி, கால்மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஆனால் முள் இறங்கவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குழாய்கள் முதல் நாள் வரை சொட்டுக்கூடக் கசியாமல் இருந்துவிட்டு மறுநாள் நெடுஞ்சாலையில் பிளந்துகொள்ளக்கூடியவை.

அதனால் என் கருத்து இதுதான்: வண்டியில் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது என்று உறுதியானால், கசிவுக்காகக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகளுக்கு வயது இருபதை ஒட்டிவிட்டது. குறைந்த கூலண்டை மாதாமாதம் டாப்-அப் செய்து ஓட்டுவதுதான் இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கும் வழி. ஓட்டையை அடைக்கும் பவுடர், திரவம் எதையும் ஊற்ற விடாதீர்கள். அது விரிசலை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் நுண்ணிய வழிகளையும் ஹீட்டர் கோரையும் அடைத்துவிடும்.

ஓடும்போதே உடைந்தால்? கூலண்ட் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ வெப்பமானி முள் ஏறினாலோ "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் போக அந்த நாலு கிலோமீட்டர் போதும். சூடான டேங்க் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீறிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இனி வேலை. கை தேர்ந்தவருக்கே ஒரு முழுநாள் பிடிக்கும். நீங்களே செய்யாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பில் சரியான கேள்வி கேட்கலாம். கூலண்டை வடித்த பிறகு ஒயர்கள், வேக்கம் குழாய்கள் எல்லாவற்றுக்கும் அடையாளச் சீட்டு ஒட்டி, மேனிஃபோல்டைத் தூக்க வேண்டும். தூக்கியவுடன் சிலிண்டருக்குப் போகும் எட்டு வாய்களையும் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். உள்ளே ஒரு நட்டு விழுந்தால் இந்த வேலை இன்ஜின் வேலையாகிவிடும். பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றி வெளியே எடுப்பார்கள்.

பழைய குழாய் முழுசாக வராது. கையில் அப்பளம்போல் நொறுங்கும். அதன் நுனி மட்டும் ஹவுசிங்கின் துளைக்குள் வளையமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அவசரப்படக்கூடாத இடம் இதுதான். அந்த வளையத்தைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். துளையின் சுவரைக் கீறிவிட்டால் புது ஓ-ரிங் உட்கார்ந்தாலும் கசியும். உடைந்த துணுக்கு ஒன்று உள்ளே போய்விட்டாலோ நாளைக்குத் தெர்மோஸ்டாட்டிலோ ரேடியேட்டரிலோ போய் மாட்டும். எடுத்த துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கிப் பொருத்திப் பார்த்து, வளையம் முழுமையாகிறதா என்று சரிபார்க்கும் மெக்கானிக்கை நம்பி வண்டியை விடலாம்.

துளையைத் துடைத்துப் பளபளப்பாக்கிய பிறகு அலுமினியக் குழாய்கள். ஓ-ரிங்கில் கூலண்டையே தடவலாம், அல்லது சிலிகான் கிரீஸ். சாதாரண கிரீஸும் இன்ஜின் ஆயிலும் அந்த ரப்பரை உப்ப வைத்துவிடும். திறந்திருக்கும்போதே தெர்மோஸ்டாட், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் டி-இணைப்பு, அருகிலுள்ள ஹோஸ்கள், மேனிஃபோல்ட் கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். அந்த டி-இணைப்பை மட்டும் விட்டுவைத்து, ஆறு மாதத்தில் அது உடைந்து மறுபடி கூலி கொடுத்தவர்கள் உண்டு. ஸ்டார்ட்டர் நனைந்திருந்தால் அதையும் சோதித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

போர்ஷே குறிப்பிடும் வகைக் கூலண்டை, காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் உப்புப் படியவைக்கும். வேக்கம் கருவி வைத்து நிரப்பினால் உள்ளே காற்று அடைபடாது. வடித்த பழைய கூலண்ட் நச்சு. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், குழந்தை விரல் வைக்கும். தரையில் சிந்தியதை அப்போதே கழுவிவிடுங்கள், மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாமல் மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படையுங்கள்.

2008 மாடல் முதல் வந்த வி8 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் குழாய் அலுமினியம்தான், ஆனால் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை. பசை விட்டுப்போனால் குழாய் கழன்று கூலண்ட் மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். இணைப்பை வெல்டிங் வைத்தோ திருகு முளை அடித்தோ நிரந்தரமாகப் பிடிக்கவைப்பதுதான் அதற்கு வழி.

வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓட்டியதும், மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் கூலண்ட் அளவைப் பாருங்கள். சற்று இறங்கியிருக்கலாம், காற்று வெளியேறியிருக்கும். ஒருமுறை நிரப்பிய பிறகும் இறங்கினால் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள். உடைந்த பழைய குழாய்த் துண்டுகளைக் கேட்டு வாங்கி, மேனிஃபோல்டைத் திறந்து வைத்து எடுத்த படங்களோடும் பில்லோடும் வண்டியின் ஃபைலில் போட்டு வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது, விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான்.