மா பூத்திருக்கையில் மூட்டமா? மருந்தடிக்க அவசரப்படாதீர்கள்

மாசி பிறந்ததும் கிருஷ்ணகிரி, நத்தம், ராஜபாளையம் பகுதித் தோப்புகளில் மா பூத்துக் குலுங்கும். வானம் விளையாட்டுக் காட்டுவதும் அப்போதுதான். விடியலில் பனி, பகலில் சுள்ளென்று வெயில், எதிர்பாராமல் இரண்டு நாள் மூட்டம், ஒரு தூறல். மூட்டத்தைக் கண்டதும் விவசாயிகள் பலர் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பூ விரிந்து நிற்கும் வேளையில் பூச்சிமருந்து வேண்டாம்.

ஒரு பூங்கொத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். பெரும்பாலானவை ஆண் பூக்கள்; அவை காய்க்கா. இருபால் பூக்களே பிஞ்சாகும். மாவின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றை நம்பிப் பயனில்லை. ஈக்களும் தேனீக்களுமே அதைக் கொண்டு சேர்க்கின்றன. குப்பைக்குழியில் மொய்க்கும் ஈயை நாம் விரட்டுகிறோம், மாமரமோ அதற்காகக் காத்திருக்கிறது!

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூ விரிந்த தோப்பு ஒன்றில் மருந்தடிக்கச் சொன்னவன் நான். தத்துப்பூச்சி ஒழிந்தது. பூங்கொத்துகளும் வாடாமல் நின்றன, காய்தான் பிடிக்கவில்லை. வேலிக்கு அப்பால், மருந்து வாங்கக் காசில்லாமல் விட்டுவிட்டவருக்கு ஓரளவு காய்ப்பு கிடைத்தது. தோப்புக்காரர் என்னைத் திட்டவில்லை. அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிடவும் இல்லை.

மூட்டத்தால் கெடுதலே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிழலும் ஈரமும் சேர்ந்தால் தத்துப்பூச்சி பெருகும். கொத்துக் காம்பிலும் மொட்டிலும் முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற கசிவு இலையில் விழ, அதன்மேல் கரும்பூசணம் படரும். பூங்கொத்தில் வெண்பொடி தூவியதுபோல் தெரிந்தால் அது சாம்பல் நோய்.

எனவே கொத்து நீளத் தொடங்கியதுமே, மொட்டு விரியும் முன், தோப்பைச் சுற்றி வாருங்கள். பத்து மரங்களில் நாலு திசையிலும் கொத்துகளைத் தட்டிப் பாருங்கள். கொத்துக்கு ஐந்து பூச்சிக்கு மேல் இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கவும். அடிமரப் பட்டை இடுக்குகளை விட்டுவிடக்கூடாது. பூச்சி ஒளிந்திருப்பது அங்கேதான். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறுமுன் தெளிக்கவும். கந்தகத்தையும் எண்ணெயையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது, அடுத்தடுத்தும் தெளிக்கக்கூடாது, இலை கருகும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி தேவை.

பழைய பழக்கத்தில் இன்னும் சிலர் கார்பரில் தூள் கேட்கிறார்கள். அது 2018 ஆகஸ்ட் முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. பரணில் மிச்சம் இருந்தாலும் எடுக்காதீர்கள்.

பூ விரிந்தபின் மழை பெய்துவிட்டால்? அன்று விரிந்திருந்த பூவின் மகரந்தம் போனது போனதுதான். ஆனால் கொத்திலுள்ள பூக்கள் எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. மீதி மொட்டுகள் அடுத்தடுத்து விரியும். கிளைகளை மெல்ல உலுக்கி, ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் செத்த பூக்களை உதிர்த்து விடுங்கள். ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல விளைச்சல் என்பதால், தரையில் கொட்டிக் கிடக்கும் பூவைப் பார்த்துக் கலங்கி அந்த விலைக்கே குத்தகைக்காரரிடம் தோப்பைப் பேசி முடித்துவிடாதீர்கள். பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை பொறுங்கள். பூச்சிமருந்து தேவைப்பட்டால் அதன் பிறகு தெளிக்கலாம். காய்க்கும் மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்குவதும் அப்போதுதான்.