அம்மா கோயம்புத்தூரில் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

அமெரிக்க ராணுவ ஒப்பந்த நிறுவனங்களில் வேலை தேடும் நம்மவர்கள் நடுவே கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) பற்றி ஒரு பேச்சு உண்டு: ‘ஊரில் அம்மா, அண்ணன் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காது.’

கிடைக்கும். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு போதாது. கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்ய 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த நெறிமுறையில் 13 தலைப்புகள் இருக்கின்றன. இரண்டாவது தலைப்பு அயல்நாட்டுச் செல்வாக்கு. வெளிநாட்டில் சொந்தம் இருப்பதை அது குற்றமாகப் பார்ப்பதில்லை. அந்தச் சொந்தத்தைப் பிடித்து உங்களை யாராவது மிரட்டவோ வளைக்கவோ முடியுமா என்றுதான் பார்க்கிறது. எந்த நாடு, சொந்தக்காரர் அங்கே என்ன வேலை பார்க்கிறார், உங்களுக்குள் நெருக்கம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாவும், உளவுத்துறையில் இருக்கும் சித்தப்பாவும் அந்தத் தராசில் ஒன்றல்ல.

‘நட்பு நாடுதானே, என்ன பயம்?’ இதுவும் பாதி உண்மைதான். டெக்சஸில் பிறந்த ஜொனாதன் போலார்ட், அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவில் இருந்தபடி ரகசியங்களைக் கொடுத்தது இஸ்ரேலுக்கு. 1985இல் கைதானார், 1987இல் ஆயுள் தண்டனை. நட்பு நாடும் வேவு பார்க்கும்.

‘மனைவி வீட்டு ஆட்கள் கணக்கில் வரமாட்டார்கள்.’ வருவார்கள். துணையின் பெற்றோர், உடன்பிறந்தோர் மீது உங்களுக்குப் பாசமோ கடமையோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் விசாரணையே தொடங்கும். இல்லையென்றால் நீங்கள்தான் காட்ட வேண்டும். நம்மூர் மாப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது, அனுபவஸ்தர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் தரும் யோசனை: ‘தினமும் பேசுகிறேன் என்று எழுதாதே, மாதம் ஒருமுறை என்று போடு.’ கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்.எஃப்-86 படிவத்தின் 18ஆம் பிரிவைப் பார்த்தால் இதன் அபாயம் புரியும். பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் என ஒவ்வொருவரையும் எழுத வேண்டும். இறந்துபோனவர்களுக்கும் விலக்கு இல்லை. வெளிநாட்டில் இருப்பவரோடு பேசுவது தினமுமா, வாரமா, மாதமா; நேரிலா, போனிலா; அவர் எங்கே வேலை பார்க்கிறார், அந்த அரசோடும் ராணுவத்தோடும் தொடர்பு உண்டா என்றெல்லாம் கேட்கிறது. பிறகு விசாரணை அதிகாரி உங்களையும் உங்களைத் தெரிந்தவர்களையும் சந்திப்பார். தினமும் ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போடுவது யாருக்கும் ஆபத்தில்லை. அதை மறைத்தது தெரிந்தால், விவகாரம் அம்மாவைவிட்டு உங்கள் நேர்மைக்குத் தாவிவிடும். அதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது. வேண்டுமென்றே பொய் எழுதினால் 5 ஆண்டுவரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

ஊரில் உள்ள வீடு, நிலத்தையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் உள்ள சொத்தோடு ஒப்பிட்டால் அது சின்னதாக இருப்பது உங்களுக்குச் சாதகம்.

விதி கருணையானது என்று நான் சொல்லவில்லை. கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல என்று 1988இல் ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சந்தேகம் வந்தால் அதன் பலன் நாட்டுக்கு, உங்களுக்கில்லை.

கிடைத்த பிறகும் கேள்விகள் ஓயாது. பொங்கலுக்கு ஊருக்கு வருவதென்றால், புறப்படும் முன்பே பயணத் திட்டத்தை அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும்.