பெட்டிக்குள் காடு, வாசலில் வேம்பு



பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, பள்ளியிலும் சேர்த்தாயிற்று. அத்துடன் நம் கடமை முடிந்துவிடவில்லை. பிள்ளை நாள் முழுதும் எதைப் பார்த்து வளர்கிறது என்பதும் குடும்ப நலத்தைச் சேர்ந்ததே.

செல்போன் விளையாட்டு வீட்டுக்குள் வந்து வெகு நாளாகிறது. இப்போது அதற்கும் ஒரு படி மேலே, கண்ணை மூடினாற்போல் தலையில் மாட்டிக்கொள்ளும் பெட்டிக் கண்ணாடியும் வந்துவிட்டது. 'வி.ஆர்.' என்கிறார்கள். தமிழில் மெய்நிகர் உலகம், அதாவது மெய்போலத் தோன்றும் உலகம்.

இது என்ன மாயம்?

மாயம் ஒன்றுமில்லை. கண்ணுக்குச் சில அங்குல தூரத்தில் ஒரு திரை. இரு கண்களுக்கும் தனித்தனி லென்ஸ். வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்குச் சற்றே மாறிய படம். மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாகக் காண்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அடர்ந்த காட்டில் நிற்பது போலவே இருக்கும். ஆனால் கால் நிற்பது நம் வீட்டுத் தரையில்தான்.

இதை மாட்டியதும் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். "ஓடுகிறோம்" என்று கண் சொல்கிறது. "உட்கார்ந்துதானே இருக்கிறோம்" என்று காதின் உட்புறத்திலுள்ள சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம். இக்கருவிகள் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது என்று தயாரிப்பாளர்களே வயது வரம்பு விதித்திருக்கிறார்கள்.

இதனால் நன்மையே கிடையாதா? உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் தீக்காயம் பட்ட நோயாளிகளுக்காகப் பனி மூடிய ஓர் உலகத்தை இப்படி உருவாக்கினார்கள். காயத்தைத் துடைத்துக் கட்டும் நேரத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது. ஆகவே, தேவைக்கு அளவோடு கொடுத்தால் அது மருந்து. மருந்தையே மூன்று வேளையும் சோறாகச் சாப்பிட முடியுமா?

கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம்

பிள்ளைகளின் கண் வளரும் உறுப்பு. அது அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்துவிட்டால் தூரத்துப் பொருள் மங்கும். இதையே கிட்டப்பார்வை என்கிறோம். கண்ணாடி போட்டால் எழுத்து தெரியும். ஆனால் நீண்ட கண் மறுபடி குறுகாது. குறை மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை பழுதடையும் அபாயமும் உண்டு.

பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு இக்குறை வருவது குறைகிறது. வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் சுரக்கும் டோபமின் என்னும் பொருள் கண்ணின் அதிக வளர்ச்சியைத் தடுக்கிறது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். வெட்டவெளியில் பத்தாயிரத்துக்கும் மேல். மர நிழலில்கூட வீட்டைவிடப் பல மடங்கு. பெட்டிக்குள் எவ்வளவு அழகான சூரியன் உதித்தாலும் இந்த வெளிச்சத்தை அதனால் தர முடியாது.

சீனாவின் குவாங்சோ நகரில் 2010-ல் 12 பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளி விளையாட்டு. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 100-க்கு சுமார் 40 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விளையாடிய பள்ளிகளில் சுமார் 30 பேருக்குத்தான். தைவான் நாட்டிலும் 2010 முதல் தினம் 120 நிமிடம் வெளியில் என்று பள்ளிகளில் ஏற்பாடு செய்தார்கள். பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறை அதன்பின் இறங்கத் தொடங்கியது.

ஒரு தாயின் கேள்வி

தாய்: "நர்சம்மா, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது. வெளிய விட்டா வண்டி, பூச்சி பொட்டுன்னு பயம். போனைக் குடுத்தா ஒரு இடத்துல உக்காந்திருக்கான். தப்பா?"

செவிலியர்: "உங்க பயம் நியாயந்தாம்மா. ஆனா வீட்டுக்குள்ளயே இருந்து வர்ற கண் குறை சத்தமில்லாம வருது. அவனைத் தனியா விடச் சொல்லல. பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ பாத்துக்கிட்டா, நாலு வீட்டுப் பிள்ளைங்க ஒண்ணா விளையாடலாமே."

கணவர்: "ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்."

செவிலியர்: "ரொம்ப நல்லதுங்க. தினமும் காலையிலயும் கொஞ்ச நேரம் கூட்டிட்டுப் போங்க. நீங்க போனை வீட்ல வெச்சிட்டுப் போனாத்தான் பையனும் கேக்க மாட்டான்."

செய்ய வேண்டியவை

1. பள்ளி விளையாட்டு நேரத்தையும் சேர்த்துத் தினம் இரண்டு மணி நேரமாவது பிள்ளை பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். உச்சி வெயில் வேண்டாம். காலையும் மாலையும் போதும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது.

2. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறிய அளவு. சோறு ஊட்டப் போனைக் காட்டாதீர்கள், காக்கையைக் காட்டுங்கள்.

3. படுக்கைக்குப் போன் வரக் கூடாது. கணவன், மனைவி இருவருக்கும் இது பொருந்தும். இரவில் ஆளுக்கொரு திரையைப் பார்த்துப் படுத்தால், அன்றைய கஷ்டநஷ்டத்தை யாரிடம் பேசுவது?

4. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, கரும்பலகை தெரியவில்லை என்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுத் திட்டத்தில் இலவசக் கண்ணாடி உண்டு. கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று மறைக்காதீர்கள்.

5. சாப்பாடு, தூக்கம், படிப்பு, வேலை எல்லாம் கெட்டும் விளையாட்டை நிறுத்த முடியவில்லை என்றால், அது பிடிவாதமாக மட்டும் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இந்நிலைக்கும் இடமுண்டு. அடிப்பதாலும் திட்டுவதாலும் தீராது. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். பெரியவர்களுக்கும் இது உதவும்.

பெற்றோர்களே! பெட்டிக்குள் காட்டும் காட்டுக்குக் காசு வேண்டும், கரண்டு வேண்டும். வாசல் வேம்புக்கு ஒன்றும் வேண்டாம். நகர மக்கள் விலை கொடுத்துத் தேடும் திறந்த வெளி நம் ஊரில் இன்னும் இருக்கிறது. நாளைக் காலையே பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே வாருங்கள்.

வெளியில் விளையாடும் பிள்ளை, தெளிவாய்ப் பார்க்கும் பிள்ளை!